லீனா லமாண்டின் குரல்

என் அண்ணனுக்கு ஒரே ஒரு மிமிக்ரிதான் வரும். சிவாஜி வராது, ரஜினி வராது, தெருவில் எல்லாப் பையன்களுக்கும் வந்த நம்பியார்கூட அவனுக்கு வராது. அவனுக்கு வந்தது லீனா லமாண்ட், ஒரு பழைய ஹாலிவுட் படத்தில் வருகிற நடிகைப் பாத்திரம். மூக்கைச் சுருக்கி, தொண்டையை இறுக்கி, எண்ணெய் போடாத கதவுக் கீல் மாதிரி ஒரு குரலை எடுத்து, 'ஐ கேஏஏன் ஸ்டேண்டிம்' என்பான். 'ஐ கேன்ட் ஸ்டேண்ட் ஹிம்', அதாவது அவனைச் சகிக்க முடியவில்லை என்பதுதான் அது. அந்த 'சிங்கிங் இன் த ரெய்ன்' படத்தைப் பார்த்தவர்களுக்கு இது எந்த இடம் என்று தெரியும். படத்தைப் பார்க்காத எங்கள் அம்மாவுக்கும் தெரியும், ஏனென்றால் ரசத்தில் உப்பு கூடினாலும் இதையே சொல்வான், கரண்ட் போனாலும் இதையே சொல்வான், முக்கியமாக நான் கோபத்தில் ஏதாவது கத்தினால் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து இதைச் சொல்வான். என் குரல் அப்படி. கீச்சுக் குரல். 'மெதுவாப் பேசுடி, கிளி கத்துற மாதிரி இருக்கு' என்று அம்மா சொல்லிச் சொல்லி நான் மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டேன். கீச்சு மட்டும் போகவில்லை.

1997 என்று நினைக்கிறேன். மதுரையில் எங்கள் வீட்டில் ஒரு சாலிடேர் டிவி. கேபிளில் பகலெல்லாம் கார்ட்டூன் நெட்வொர்க் ஓடும். இரவானால் அதே சேனலில் டாமும் ஜெர்ரியும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போக, பழைய ஹாலிவுட் படங்கள் போடுகிற டிஎன்டி வந்து உட்கார்ந்துகொள்ளும். தொப்பி போட்ட யாரோ ஒருவர் கறுப்பு வெள்ளையில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு கதவைத் திறப்பார். என் வயசுக்காரர்கள் பாதிப் பேர் அந்த நொடியில் சேனலை மாற்றியிருப்பார்கள். அண்ணனும் நானும் மாற்றவில்லை, காரணம் ரிமோட் கெட்டுப்போயிருந்தது, எழுந்துபோய்ப் பொத்தானை அமுக்க யாருக்கும் மனசில்லை. அப்படித்தான் எம்ஜிஎம் ஸ்டூடியோவின் பழைய படங்கள் ஒவ்வொன்றாக எங்களிடம் வந்து சேர்ந்தன. வசனம் பாதி புரியாது, சப்டைட்டில் கிடையாது. ஆனால் ஒருத்தர் மழையில் நனைந்துகொண்டு குடையைச் சுற்றிச் சுற்றி ஆடுவது புரிய என்ன ஆங்கிலம் வேண்டும்? அந்த ஜீன் கெல்லி இன்னொரு படத்தில் ஜெர்ரி எலியோடேயே கைகோர்த்து ஆடியவர் என்பது பல வருஷம் கழித்துத் தெரிந்தபோது, அந்தச் சேனலின் பகலும் இரவும் ஒன்றாக ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

அதன் பிறகு அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. சிடியில், டிவிடியில், காய்ச்சலில் படுத்திருந்தபோது லேப்டாப்பில். ஒவ்வொரு தடவையும் லீனா வந்தால் சிரிப்பேன். அண்ணனும் வந்துவிடுவான் அல்லவா, கூடவே.

இது ஏன் திடீரென்று என்றால், 2022 ஏப்ரலில் படம் வந்து 70 வருஷம் ஆனதை ஒட்டி அமெரிக்கத் தியேட்டர்களில் ஓரிரு நாள் மட்டும் மறுபடி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. 'வீட்டுல டிவிடி இருக்கு, அதுக்கு எதுக்கு டிக்கெட்டு' என்று கேட்ட கணவரை வீட்டிலேயே விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். அன்று அங்கே ஒன்று நடந்தது. நடந்தது என்றால் வெளியில் ஒன்றும் இல்லை, எனக்குள். சில வருஷம் ஆகியும் அது தீரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரிய திரையில் மழை

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் உள்ள சாதாரண மல்ட்டிப்ளெக்ஸ்தான், காலை நீட்டிப் படுத்துக்கொள்கிற மாதிரி நாற்காலிகள், முப்பது பேர் இருந்தால் அதிகம், அதில் என் தலையைத் தவிர எல்லாத் தலையும் வெள்ளை. 1952-இல் எடுத்த படம் கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும், அகலத்திரை எல்லாம் அதற்கடுத்த வருஷங்களில் வந்தது. அதனால் அவ்வளவு பெரிய திரையில் இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டுவிட்டு நடுவில் மட்டும் படம் தெரிந்தது. எனக்கு முன்னால் இருந்த ஒருவர் புரொஜெக்டரில் ஏதோ கோளாறு என்று நினைத்து எழுந்து வெளியே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்தச் சதுரம் ஆட்டத்துக்கென்றே தைத்த சட்டை மாதிரி. உச்சந்தலை முதல் பாதம் வரை முழு ஆளும் எப்போதும் திரைக்குள். இப்போதைய பாட்டுகளில் கால் ஒரு ஷாட்டிலும் கை ஒரு ஷாட்டிலும் வருவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரே ஆள் வெட்டில்லாமல் இவ்வளவு நேரம் ஆடுவதைப் பார்க்க, சர்க்கஸில் வலை இல்லாமல் ஆடுகிறவரைப் பார்க்கிற மாதிரி வயிற்றில் ஒரு பிடி.

மழைப் பாட்டு வந்தது. டிவியில் மழை ஒரு சாம்பல் கோடுதான். இங்கே ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தில் தனித்தனியாக விழுந்தது. தண்ணீரில் பால் கலந்து எடுத்தார்கள் என்று ஒரு கதை ரொம்ப நாளாக உலவுகிறது, அது உண்மையில்லை, மழைக்குப் பின்னாலிருந்து விளக்கடித்ததுதான் ரகசியம். பகலில் தெருவுக்கு மேலே தார்ப்பாய் கட்டி இரவாக்கி, ஆட்டத்துக்குத் தோதான இடங்களில் குழி வெட்டித் தண்ணீர் தேங்கவிட்டு எடுத்தார்களாம். கெல்லிக்கு அப்போது 103 டிகிரி காய்ச்சல் என்பார்கள். இந்தக் கதைகளெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் தியேட்டரில் நான் பார்த்தது இவை எதையும் இல்லை, அவருடைய கோட்டை. கம்பளிக் கோட்டு. பாட்டு ஆரம்பிக்கும்போது விறைப்பாக நிற்கிற தோள்பட்டை, குழாயிலிருந்து கொட்டுகிற தண்ணீரின் கீழே அவர் முகத்தைக் காட்டி நின்று முடிக்கும்போது தொய்ந்து, ஊறிப்போன சாக்கு மாதிரி உடம்போடு ஒட்டிவிடுகிறது. பேன்ட்டு முழங்கால் வரை கறுத்துவிட்டது. அந்த எடையைத் தூக்கிக்கொண்டுதான் அந்த மனுஷன் பஞ்சு மாதிரி ஆடுகிறார். கேமரா மேலே எழும்ப, அவர் கைகளை விரித்து மழையைப் பார்த்துச் சிரிக்கிற இடத்தில் எனக்கு ஓரிருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த பாட்டி வாய்க்குள்ளேயே பாட ஆரம்பித்தார். யாரும் உஷ் என்று சொல்லவில்லை.

கதாநாயகனின் நண்பனாக வருகிற டொனால்ட் ஓ'கானர் சுவரில் ஏறிக் குட்டிக்கரணம் அடிப்பதும் அப்படித்தான். கதாநாயகி கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கு அப்போது 19 வயசு, ஜிம்னாஸ்டிக்ஸ் தெரியும், நடனம் புதுசு. 'குட் மார்னிங்' பாட்டைக் காலையில் தொடங்கி ராத்திரி பதினோரு மணி வரை எடுத்து, அவர் காலெல்லாம் ரத்தம் கட்டிப்போனதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பெரிய திரையில் அந்த முகத்தைப் பார்க்கிறேன், களைப்பு ஒரு இழைகூட இல்லை. எப்படி மறைத்தார்கள்? படம் முழுக்கவே மறைப்பதைப் பற்றித்தானே.

தாள் அசையவில்லை

லீனாவின் குரல் படம் தொடங்கிக் கொஞ்ச நேரம் நமக்குக் கேட்காது. மௌனப்பட நட்சத்திரம், முதல் காட்சியில் ரசிகர்கள் முன்னால் நிற்கிறாள், பேச வாயெடுக்கும்போதெல்லாம் கதாநாயகன் டான், அதாவது கெல்லி, முந்திக்கொண்டு மைக்கைப் பிடித்துக்கொள்கிறான். மேடைக்குப் பின்னால் போன பிறகுதான் அவள் வாயைத் திறக்கிறாள், தியேட்டர் வெடித்துச் சிரிக்கிறது. அன்றும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

1927-இல் பேசும்படம் வந்துவிடுகிறது. லீனாவுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க உச்சரிப்பு டீச்சர் ஒருத்தியை அமர்த்துகிறார்கள். டீச்சர் வாயை உருட்டி உருட்டி ஒரு வரியைச் சொல்கிறாள், லீனா திருப்பிச் சொல்கிறாள், 'கேஏஏன்'. மறுபடி சொல்கிறாள், மறுபடியும் 'கேஏஏன்'. ரொம்பச் சின்னக் காட்சி. இந்த இடத்துக்காகத்தான் நான் காத்துக்கொண்டே இருந்தேன், அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு வாசகம்கூட யோசித்து வைத்திருந்தேன். திரையில் லீனாவின் முகம் என் வீட்டு வாசல் கதவு அளவுக்கு வந்தது. அந்த முகத்தில் நான் இத்தனை வருஷமாகப் பார்க்காத ஒன்று இருந்தது: அவள் முயற்சி செய்கிறாள். நிஜமாகவே. டீச்சரின் உதட்டையே பார்த்துக்கொண்டு, தான் சொல்வதும் டீச்சர் சொல்வதும் ஒன்றுதான் என்று முழுசாக நம்பிக்கொண்டு சொல்கிறாள். வித்தியாசம் அவளுக்குக் கேட்கவே இல்லை.

எனக்கு அந்த முகம் தெரியும். 2003-இல் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கால் சென்டரில் சேர்ந்தேன். முதல் சில வாரம் போனையே தொடவிடமாட்டார்கள், 'வாய்ஸ் அண்ட் ஆக்சென்ட்' வகுப்பு. ஆளுக்கொரு துண்டுத் தாளைக் கொடுத்து வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். 'பேப்பர்', 'பீட்டர்' என்று சொல்லும்போது முதல் எழுத்தில் காற்று வந்து மோதி அந்தத் தாள் அசைய வேண்டும். அமெரிக்கர் சொன்னால் அசையும். நாம் 'ப' என்று சொன்னால் காற்று வராது, தமிழில் அதற்கு வேலையே இல்லை. எல்லாருக்கும் ரெண்டு மூன்று நாளில் அசைந்துவிட்டது. என் தாள் மட்டும் அசையவே இல்லை. அசைந்தது என்று நானும், அசையவில்லை என்று டிரெய்னரும். அவர் நல்லவர்தான், என்னைவிட ரெண்டு வயசு பெரியவராக இருந்தால் அதிகம். என் தாளில் 'எம்டிஐ அதிகம்' என்று எழுதினார். தாய்மொழியின் வாடை என்பதைத்தான் அங்கே அப்படிச் சுருக்கிச் சொல்வார்கள், ஏதோ ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்கிற மாதிரி. அதற்கடுத்த வரியில் 'குரல் உச்சம்'. ஒருநாள் எங்கள் குரலைப் பதிவு செய்து வகுப்பு முழுக்கப் போட்டுக் காட்டினார்கள். என்னுடையது வந்தபோது இருபது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும். அந்த வேலையில் என் பெயர் நான்சி, என் பெயர் அவர்களுக்கு ரொம்ப நீளமாம். நான்சி ஒரு வருஷமும் சில மாதமும் உயிரோடு இருந்தாள், ராத்திரி மட்டும்.

இப்போது இந்த ஊரிலேயே வந்து குடியேறிப் பல வருஷம் ஆகிறது. இன்னும் மருந்துக்கடைக்குப் போன் பண்ணினால் அந்தப் பக்கத்து இயந்திரக் குரல் 'மன்னிக்கவும், புரியவில்லை' என்கிறது, நான் சமையலறையில் நின்று பிறந்த தேதியை மூன்று முறை கத்துகிறேன். என் மகன் உள்ளேயிருந்து, ஒரே தடவையில், சோம்பலாக அதைச் சொல்லிவிடுவான், இயந்திரத்துக்குப் புரிந்துவிடும்.

சரி, லீனாவுக்கு வருகிறேன். அந்தக் காட்சிக்கு அடுத்தே டானுக்கும் உச்சரிப்பு வகுப்பு. ஒரே ஸ்டூடியோ, ஒரே காரணம், ஒரே மாதிரி நாக்குச் சுழற்றும் வரிகள். ஆனால் டானுக்கும் நண்பன் காஸ்மோவுக்கும் அது ஒரு பாட்டாகிவிடுகிறது. வாத்தியாரை உட்காரவைத்து, நாற்காலிமேலும் மேஜைமேலும் ஏறி ஆடி, கடைசியில் அறையில் கிடைத்ததையெல்லாம் அவர்மேல் போட்டு மூடிவிடுகிறார்கள். படத்தின் அபாரமான நடனங்களில் அது ஒன்று, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அன்றுதான் உறைத்தது, அதே வகுப்பு ஆணுக்கு வாத்தியாரைக் கேலி செய்கிற பாட்டு, லீனாவுக்கு அவளைக் கேலி செய்கிற துணுக்கு. அவளுக்கு ஆடத் தெரியாது என்பதால் அவள் உட்கார்ந்து 'கேஏஏன்' சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அண்ணனுக்கு அனுப்ப வைத்திருந்த வாசகத்தை அழித்துவிட்டேன்.

கயிற்றை இழுத்தவர்கள்

அதற்குப் பிறகு படம் வேறு படமாகிவிட்டது. புதருக்குள் மைக்கை ஒளித்துவைத்து எடுக்கிற காட்சியில், லீனா தலையைத் திருப்பத் திருப்பக் குரல் வருவதும் போவதுமாக இருக்கும், எல்லாரும் அவளைத்தான் திட்டுவார்கள். அப்புறம் அவள் உடுப்புக்குள் மைக்கைத் தைத்தால் இதயத்துடிப்பு கேட்கும். அப்புறம் ஸ்டூடியோ முதலாளி வந்து யாரோ வழியில் போட்டுவைத்த ஒயரைப் பிடித்து இழுக்க, ஒயரோடு சேர்ந்து லீனா விழுவாள். மைக்கின் கோளாறெல்லாம் அவள் கோளாறு. படம் எடுத்தவர்கள் இதை எங்கிருந்தோ கற்பனையாகக் கொண்டுவரவில்லை. பேசும்படம் வந்தபோது நிஜமாகவே நிறையப் பேரைக் குரலும் உச்சரிப்பும் வீட்டுக்கு அனுப்பின. சிறந்த நடிகருக்கான முதல் ஆஸ்கரை வாங்கிய எமில் யானிங்ஸ், ஜெர்மன் வாடை அடித்த ஆங்கிலத்தோடு இனி ஹாலிவுட்டில் வேலையில்லை என்று ஜெர்மனிக்கே திரும்பிப் போனார். அவரிடம் யாரும் தாளைக் கொடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடைசிக் காட்சி தெரிந்ததுதான். லீனாவுக்குப் பதிலாகப் பேசியும் பாடியும் கொடுத்தது கேத்தி. அவர்கள் எடுத்த படம் வெற்றி. ரசிகர்கள் மேடையில் ஒரு பாட்டுக் கேட்கிறார்கள். லீனா முன்னால் நின்று வாயசைக்க, பின்னால் திரைக்கு அந்தப்பக்கம் நின்று கேத்தி பாடுகிறாள். டானும் காஸ்மோவும் முதலாளியும் சேர்ந்து கயிற்றை இழுக்கிறார்கள், திரை விலகுகிறது. குட்டு உடைந்துபோகிறது. கேத்தியை நகர்த்திவிட்டு காஸ்மோவே மைக்கைப் பிடித்துப் பாட, லீனா வாயிலிருந்து ஆண் குரல். எங்கள் தியேட்டரில் முப்பது பேரும் சிரித்தார்கள், பாட்டி கை தட்டினார். நான் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் குரல் மாற்றும் யோசனை யாருடையது? காஸ்மோவுடையது. யார் ஒத்துக்கொண்டது? டான். பணம் போட்டு அதைப் படமாக எடுத்தது? முதலாளியின் ஸ்டூடியோ. கேத்தி ஸ்டூடியோவில் இருப்பதையே லீனாவிடமிருந்து மறைத்தவர்கள் இவர்கள். ஏமாற்று வேலையைத் திட்டம் போட்ட மூன்று பேரும்தான் கயிற்றை இழுக்கிறார்கள், ஓடிப்போவது மட்டும் அவள்.

லீனா நல்லவள் என்று நான் வாதாடவில்லை. கேத்தியைக் காலமெல்லாம் தன் குரலாகவே கட்டிப்போட்டு வைக்கப் பார்த்தவள் அவள்தான், பொல்லாதவள், ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து முதலாளியையே மடக்குகிறவள். முட்டாள் என்று எல்லாரும் சொன்ன ஒருத்தி அந்தப் படத்தில் ஒப்பந்தத்தை முழுசாகப் படித்த ஒரே ஆள் என்பதும் இருக்கிறது, அதைச் சும்மா சொல்லிவைக்கிறேன். திருட்டுத்தனத்துக்காக அவள் அவமானப்பட்டால் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தியேட்டர் சிரித்தது திருட்டைப் பார்த்து இல்லை. அந்தக் குரலைப் பார்த்து.

யார் குரல் யாருடையது

பழைய படங்களில் பெயர்ப் பட்டியல் தொடக்கத்திலேயே வந்துவிடும். கடைசியில் 'முற்றும்' போட்டதும் விளக்கு. பாப்கார்ன் பெருக்கத் துடைப்பத்தோடு ஒரு பையன் வந்துவிட்டான். நான் காரில் போய் உட்கார்ந்து, கிளப்பாமல், போனில் தேட ஆரம்பித்தேன். வீட்டுக்கு வந்தும் தேடினேன். இதில் பாதி சினிமாப் பைத்தியங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், எனக்குமே அரைகுறையாகத் தெரியும், ஆனால் அன்றைக்கு முன்னால் அதை நான் ஒரு வேடிக்கைத் துணுக்காக மட்டுமே வைத்திருந்தேன்.

படத்தில் ஒரு இடம் உண்டு. ஒலிப்பதிவுக் கூடத்தில் கேத்தி மைக் முன்னால் நின்று 'உட் யூ' என்ற மெதுவான பாட்டைப் பாடுகிறாள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே காட்சி கரைந்து, செட்டில் ஜரிகை உடுப்போடு லீனா அதே பாட்டுக்கு வாயசைக்கிறாள். மறுபடி கரைந்து கறுப்பு வெள்ளைத் திரையில் லீனா. எவ்வளவு அழகாக ஏமாற்றுகிறார்கள் பாருங்கள் என்று படமே நமக்குக் கண்ணடித்துச் சொல்லிக் காட்டுகிற இடம். அந்தக் குரல் டெபி ரெனால்ட்ஸுடையது இல்லை. பெட்டி நாய்ஸ் என்ற பாடகியுடையது. லீனாவுக்கு கேத்தி பாடுகிறாள், கேத்திக்கு நாய்ஸ் பாடுகிறார். திரைக்குப் பின்னால் நிற்கிறவளின் பெயரைக் கூப்பிட்டு ஊரறியச் சொல்கிற படத்தில், பெட்டி நாய்ஸின் பெயர் எங்கேயும் இல்லை. அந்தக் கயிற்றை இழுக்க ஆளில்லை.

இதைவிட வேடிக்கை அடுத்தது. லீனாவின் வசனத்துக்கு கேத்தி பின்னணி பேசுகிற காட்சியில் ஒரு காதல் வசனம் வரும், வட்டமான, கனிவான, கொஞ்சம் கீழ்ஸ்தாயிக் குரல். அது யாருடையது தெரியுமா? லீனாவாக நடித்த ஜீன் ஹேகனுடைய சொந்தக் குரல். டெபி டெக்சாஸில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்தவர், அவர் பேச்சில் மேற்கத்திய மாகாணங்களின் வாடை இருந்தது, சீமாட்டி வேஷத்துக்கு அது எடுபடவில்லை, ஹேகனின் குரல்தான் அருமையானது என்று இயக்குநர் ஸ்டான்லி டோனனே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அதாவது எம்டிஐ அதிகம். லீனாவுக்கு இல்லை, கேத்திக்கு! குரல் சரியில்லை என்று ஊர் சிரிக்கிற பெண்ணிடம்தான் அந்தப் படத்திலேயே ஆக நல்ல பேச்சுக்குரல் இருந்திருக்கிறது, அவள் தன் குரலைத் தானே இரவல் கொடுத்து, அது வேறொருத்தியின் குரல் என்று நம்மை நம்பவைத்து, அதற்கே தான் வாயசைத்திருக்கிறாள். எந்தக் கயிற்றை இழுத்தால் யார் நிற்பார் என்று யோசிக்கத் தலை சுற்றுகிறது. படத்துக்கு வந்த ரெண்டே ஆஸ்கர் பரிந்துரையில் ஒன்று ஹேகனுக்கு, துணை நடிகை. கிடைக்கவில்லை. 'த ஆஸ்ஃபால்ட் ஜங்கிள்' என்று 1950-இல் வந்த படத்தில் அவர் சாதாரணமாகப் பேசுவதைக் கேட்கலாம். நான் அன்று ராத்திரியே கேட்டேன். கதவுக் கீல் எங்கேயும் இல்லை.

இரவல் குரல் நமக்கொன்றும் புதுசில்லை, நம்மைவிடப் பழக்கப்பட்டவர்கள் யார்? பாட்டு யார் பாடியது என்று கேட்டுத்தான் நாம் படத்தையே நினைவு வைத்திருக்கிறோம், பின்னணிப் பாடகர்களைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி மாலை போட்ட சமூகம் நாம். அந்த விஷயத்தில் ஹாலிவுட்டைவிட நாம் நேர்மையானவர்கள் என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்ததுண்டு. அங்கே 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்குப் பாடிய மார்னி நிக்ஸனின் பெயரைப் படத்தில் போடவில்லை. ஆனால் பேசுகிற குரல்? மலையாள 'மணிச்சித்திரத்தாழ்' 1993-இல் வந்தது, அதில் ஷோபனாவுக்குள் நாகவல்லி புகுந்து தமிழில் பேசுவதை நம் ஆட்களும் மெய்சிலிர்க்கப் பார்த்தோம். அந்தத் தமிழ்ப் பகுதியைப் பேசியவர் துர்கா என்ற டப்பிங் கலைஞர் என்று இயக்குநர் பாசில் வெளியே சொன்னது 2016-இல். அதுவரை ஊரெல்லாம் அதையும் சேர்த்து, ஷோபனாவுக்கு மலையாளத்தில் பேசிய பாக்யலட்சுமியின் குரல் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. கயிறு 23 வருஷம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நம்மிலும் இப்படி எத்தனை கதாநாயகிகளின் குரலுக்கு நாம் காதல் கடிதம் எழுதியிருப்போம், யாரோ ஒருத்தர் சாலிக்கிராமத்தில் ஏசி அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்று அழுததற்கு.

பெட்டி நாய்ஸிடம் திரும்புகிறேன், ஏனென்றால் அந்தத் தேடலில் எனக்குக் கடைசியாகக் கிடைத்தது அவர்தான். வேறு என்ன பாடியிருக்கிறார் என்று பார்த்தேன். 1941, 'டம்போ'. கூண்டுக்குள் சங்கிலியில் கட்டிப்போட்ட தாய் யானை கம்பிக்கு வெளியே தும்பிக்கையை நீட்டிக் குட்டியை ஆட்டுகிற இடத்தில் வருகிற தாலாட்டு, 'பேபி மைன்'. பாட்டு ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. அதிலும் அவர் பெயர் கிடையாது. என் மகன் மூன்று வயசு வரை அந்தப் பாட்டில்தான் தூங்குவான். டிவிடியில் அந்த இடத்துக்கு மட்டும் போய்ப் போய்ப் போட்டுத் தட்டு கீறிப்போய், இரண்டாவது தட்டு வாங்கினோம். என் கீச்சுக் குரலில் பாடினால் அவன் முழித்துக்கொள்வான், அதனால் நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பேன். அந்த இருட்டில் அவனுக்கு அது என் குரலாகத்தான் தெரிந்திருக்கும்.

இன்னும் அந்தப் படம் எனக்குப் பிடிக்கும். இதையெல்லாம் கண்டுபிடித்தபின் பிடிக்காமல் போய்விட்டது என்று எழுதினால் பொய். மறுபடி தியேட்டரில் போட்டால் மறுபடி போவேன், மழைப் பாட்டுக்காக, அந்தக் கோட்டுக்காக. லீனா வரும்போது சிரிப்பேனா என்று கேட்டால், சிரிப்பு வரும், ஹேகன் அவ்வளவு பிரமாதமாகச் செய்திருக்கிறார். ஆனால் வகுப்புக் காட்சியில் அந்தத் தாள் என் கண் முன்னால் வந்து நிற்கும், அசையாமல்.

அடுத்த வாரம் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் இப்போது மதுரையில் பைப்பு, டேங்க், மோட்டார் விற்கிற கடை வைத்திருக்கிறான். நான் 'அண்ணே' என்று ஆரம்பித்ததுமே எடுத்துவிட்டான், 'ஐ கேஏஏன் ஸ்டேண்டிம்'. சிரித்துவிட்டேன். அப்புறம் ஹேகன் கதையைச் சொன்னேன், அந்தக் கீச்சு நடிப்பு என்று, நிஜக் குரல் தேன் மாதிரி என்று, படத்துக்குள்ளேயே அது இருக்கிறது என்று. கடையில் யாரோ முக்கால் இஞ்சு வால்வு கேட்டார்கள், எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான்.

'அப்ப இத்தனை வருஷமா நான் மிமிக்ரி பண்ணது அந்தம்மா பண்ண மிமிக்ரியவா?'

'ஆமாண்ணே.'

'சரி இரு பாப்பா, அந்தம்மாவோட சொந்தக் குரல்ல பண்றேன்' என்றான். தொண்டையைச் செருமினான். ஏதோ தொடங்கி நிறுத்தினான். மறுபடி செருமினான். பின்னால் ஆட்டோ ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது.

'அது வரல பாப்பா' என்றான்.